இரண்டு நாளில் ஊருக்குப் போய் வருவது எப்படி: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு

இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் என்றால் பொங்கல், பட்டா என்றால் பட்டா. நான் ஒரு தடவை பொங்கல், பட்டா, பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து, அப்படியே ஸ்ரீபுரம் பொற்கோயில் என்று நாலையும் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றும் உருப்படியாக முடியவில்லை, பொங்கல் வேறு அடிப்பிடித்துக்கொண்டது.

சனி ஞாயிறில் போகாதீர்கள். வியாழன் ராத்திரி கிளம்பி வெள்ளி, சனி இருந்துவிட்டு ஞாயிறு காலையில் திரும்புங்கள். வெள்ளிக்கிழமைதான் கிராம நிர்வாக அலுவலரைப் பிடிக்க வழி உண்டு, அம்மன் கோயிலுக்கும் நல்ல நாள். ஞாயிறு சாயங்காலம் காட்பாடியில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் காலையில் கிளம்பச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டாம். ரயிலில் டிக்கெட் தேடும்போது காட்பாடி என்று தேடுங்கள். வேலூர் கன்டோன்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அது விழுப்புரம் போகிற பாதை, சென்னை–பெங்களூரு மெயின் லைனில் கிடையாது. சென்ட்ரலில் ஏறினால் எக்ஸ்பிரஸில் காட்பாடிக்கு இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் (நானும்தான்) குடியாத்தம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவோம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, நின்றாலும் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, நடுராத்திரி ஆட்டோவுக்கு அல்லாட வேண்டும்.

எப்போது போவது? கத்திரி வெயிலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன், வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி, அதாவது சரியாகக் கத்திரியின் நடுவில் வருகிறது, அதற்கு மட்டும் யாரும் வெயிலைப் பார்ப்பதில்லை. சிரசுக்குப் போனால் பட்டா, நிலம் என்று ஒன்றையும் எடுக்காதீர்கள், அன்றைக்கு ஊருக்குள் வண்டி நகராது. மற்றபடி ஆடியில் கூழ் வார்க்கும்போது போவது எனக்குப் பிடிக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், வீடு வீடாக அலைய வேண்டாம்.

நில வேலை என்றால் பாதியைப் புறப்படும் முன்பே ஆன்லைனில் முடித்துவிடலாம். பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் பார்க்கலாம், வில்லங்கமும் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம். இதில் நம் பக்கத்துக்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. என் தாத்தா பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா’ என்று இருக்கிறது. அந்த வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, மீதிதான் பிற்பாடு வேலூர் மாவட்டம், அதிலிருந்தும் 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை. வேலூருக்குள்ளேயே இருந்தாலும் குடியாத்தம் தாலுகா கிராமங்கள் சில இன்றைக்குப் பேர்ணாம்பட்டிலோ கே.வி.குப்பத்திலோ இருக்கும். பழைய பெயரைப் போட்டுத் தேடிவிட்டு ‘நம்ம நிலத்தையே காணோம்’ என்று பதறாதீர்கள். பத்திரத்தில் உள்ள சர்வே நம்பரும் மாறியிருக்கலாம், உட்பிரிவோடு சேர்த்துப் பாருங்கள். அப்பா பெயரிலிருந்து மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும், வாரிசுச் சான்றே தனிப் படலம். அந்த இரண்டு நாளில் பட்டா மாறிவிடாது. மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு கையில் வந்தால் போதும், சந்தோஷமாகச் சாப்பிடப் போங்கள்.

கோயில் வேலை என்றால் பூசாரிக்கு ஒரு வாரம் முன்பே போன், முந்தின நாள் இன்னொரு போன். பானை, அரிசி, வெல்லம், விறகு எல்லாம் ஞாபகமாக எடுத்துப் போவோம். தீப்பெட்டி செய்கிற ஊர்க்காரர்கள் நாங்கள் ஒருமுறை தீப்பெட்டியை மறந்துவிட்டு ஆடு மேய்க்கிறவரிடம் வாங்கிப் பற்ற வைத்தோம்.

நீங்கள் வர முடியாமல் போன சாவு ஒன்று ஊரில் நடந்திருக்கும். அந்த வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் பத்து வருஷம் பேசுவார்கள். கோயிலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் போங்கள், துக்கம் கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாது. கிளம்பும்போது வாய் தவறிக்கூட ‘போயிட்டு வரேன்’ சொல்லாதீர்கள், பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு எந்த வீடு என்பதைப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அத்தை வீடு. மதியம் கேவுரு (கேழ்வரகு) களியும் கருவாட்டுக் குழம்பும். களியை உருட்டித் தட்டில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு நடுவில் ஒரு குழி பண்ணி அதில் குழம்பை ஊற்றுவார். ஓரத்திலிருந்து கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். என் மகன் மென்றான். “டேய், களிய மெல்லக் கூடாதுடா, பல்லுல ஒட்டிக்கும், அப்படியே முழுங்கு” என்றார் அத்தை. அவன் முழித்த முழியை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். பிரியாணி ஆசை இருந்தால் திரும்பும்போது ஆம்பூர் வழியாகப் போகிறவர்கள் மட்டும் பாருங்கள். சீரக சம்பாவில் செய்தது, கத்திரிக்காய்த் தொடுகறியோடு. அதற்காகச் சென்னைக்குப் போகிறவர் எதிர்த்திசையில் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் என் தம்பி போவான்.

வாங்கி வருவதற்கு ஆற்காடு மக்கன் பேடா, இரண்டு மூன்று நாள் தாங்கும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், பையில் மேலாக வையுங்கள். லுங்கி வேண்டுமென்றால் குடியாத்தம்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் சாவி இருந்தால், வருகிறோம் என்று சொல்லி முந்தின நாளே பூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் போய், துருவேறிய பூட்டை ராத்திரி பதினொன்றுக்கு டார்ச் வெளிச்சத்தில் கல்லால் உடைத்தோம், தெருவே எழுந்து வந்து திருடனா என்று பார்த்தது. தண்ணீர் மோட்டார் இருந்தால் பம்பில் நின்ற தண்ணீர் கீழே இறங்கி வற்றியிருக்கும், பம்புக்குள் ஒரு குடம் ஊற்றின பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். போகும்போது பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்கட்டும். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அத்தை ஐந்து கிலோ மல்லாட்டையை (வேர்க்கடலையை) கட்டித் தருவார், அதை மடியில் வைத்துக்கொண்டு சென்னை வரைக்கும் உட்கார முடியாது.