கிராசிங்டனிலிருந்து கெட்டில்வெல்: வைக்கோல் பொம்மைத் திருவிழாவுக்கு நடந்தே போகலாம்

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள், வார்ஃப் ஆற்றை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் கெட்டில்வெல். 1994-இல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட, வீட்டுக்கு வீடு சோளக்கொல்லை பொம்மை செய்து வாசலில் நிறுத்தினார்கள். அது பிடித்துப்போய், ஆகஸ்ட் மாதத் திருவிழாவாகவே நிலைத்துவிட்டது. பெரும்பாலானவர்கள் காரில் வந்து, பொம்மைகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு வழி: தெற்கே இருக்கும் கிராசிங்டனில் இறங்கி, குன்றுச் சரிவு வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் நுழையுங்கள். மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கும் இது முடியும். மொத்த ஏற்றம் 200 மீட்டர் அளவுதான், அதுவும் மெதுவாகவே ஏறும்.

ஏன் நடக்க வேண்டும்? வழி நெடுக எங்கேயாவது உழுத நிலம் கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். படாது. புல்லும் ஆடும் கல்லும்தான். விதைப்பே இல்லாத பள்ளத்தாக்கில் பறவையை விரட்ட பொம்மை எதற்கு? இங்கே பொம்மைகளின் வேலை விரட்டுவது இல்லை, ஆட்களை ஊருக்குள் அழைத்து வருவது. நடந்து வந்தவருக்கு இது தானாகப் புரியும்.

புறப்படும் முன்

முதலில் தேதி. திருவிழா பொதுவாக ஆகஸ்ட் நடுவில், ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக நடக்கும். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். வார நாளில் போக முடிந்தால் போங்கள், சனி ஞாயிறில் ஊர் நிரம்பி வழியும்.

அடுத்தது பேருந்து. லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். ஸ்கிப்டனிலிருந்து 72-ஆம் எண் பேருந்து அரை மணி நேரத்தில் கிராசிங்டனில் விடும். அதே தடத்தில் சில பேருந்துகள் மட்டும் கெட்டில்வெல் வரை போகும், அவைதான் உங்களைத் திரும்பக் கொண்டுவரும். ஆகவே கெட்டில்வெல்லிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நடக்க நான்கு மணி நேரம், திருவிழாவுக்கு இரண்டரை மணி நேரம். கணக்கு இடித்தால் தலைகீழாகச் செய்யலாம்: காலையில் பேருந்தில் கெட்டில்வெல் போய், பொம்மைகளைப் பார்த்துவிட்டு, மதியம் கிராசிங்டனுக்கு நடந்து வருவது. அங்கிருந்து பேருந்துகள் கூடுதல் என்பதால் மாலையில் பதற்றம் இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டாவது முறையே நல்லது.

காலுக்கு, அடியில் நல்ல பிடிப்பு உள்ள பூட்ஸ் வேண்டும். இங்கே தரை சுண்ணாம்புக்கல், மழை பட்டால் பாசி போல வழுக்கும். ஆகஸ்ட் என்றாலும் மழைச்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் பைக்குள் இருக்கட்டும். வழியில் கடை, குழாய், கழிப்பறை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும், ஆறினாலும் சுவை குறையாத சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரையைவிட இதற்குப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கைபேசி சிக்னல் பல இடங்களில் விட்டுப்போகும், எனவே பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்2 என்ற வரைபடத்தைத் தாளில் வாங்குங்கள், அல்லது கைபேசியில் முன்னதாகவே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டி மேட்டுக்கு

கிராசிங்டன் சதுக்கத்திலிருந்து பிரதான வீதியில் மேலே ஏறுங்கள். வீதியின் உச்சியில் டவுன் ஹால். அங்கே இடப்பக்கம் திரும்பி சேப்பல் ஸ்ட்ரீட்டில் போனால், பேங்க் லேன் என்ற சந்து வலப்பக்கம் ஏறும். 'டேல்ஸ் வே' என்று எழுதிய பலகை தெரிகிறதா? இனி நாள் முழுக்க உங்களுக்கு வழி அதுதான். இல்க்லியிலிருந்து விண்டர்மியர் ஏரிக்கரை வரை சுமார் 130 கிலோமீட்டர் நீளும் நடைபாதை அது. அதில் மிக அழகான துண்டுகளில் ஒன்றைத்தான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள்.

குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். தனியார் நிலத்துக்குள்ளேதான் நடப்பீர்கள், ஆனால் இந்தப் பாதைகளில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. தயங்க வேண்டாம், பாதையை விட்டு விலகவும் வேண்டாம்.

வேலியிலும் மதிலிலும் வாயிற்கதவு வரும். மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆடுகள் எந்த வயலில் இருக்க வேண்டும் என்பது அந்த விவசாயியின் கணக்கு. ஆடுகளால் பயமில்லை. மாடு விஷயத்தில் கவனம் வேண்டும்: கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். தள்ளி, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போங்கள்.

சுண்ணாம்புக்கல் மேடு

லீ கிரீன் என்ற புல்வெளியில் கீழே பார்த்து நடங்கள். புல்லுக்கடியில் நீண்ட நீண்ட வரப்புகள் புடைத்துத் தெரியும். பழங்காலத்தில் இங்கே பயிர் செய்த மக்களின் வயல் எல்லைகள் அவை. காலை வெயில் சாய்வாக விழும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு காலத்தில் விதைத்த இடம் இப்போது முழுக்க மேய்ச்சல்.

அதைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் தளங்கள் தொடங்கும். பனியாறுகள் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போக, வெளியே தெரிந்த பாறையை மழைநீர் விரிசல் விரிசலாகக் கரைத்திருக்கிறது. விரிசலுக்குள் எட்டிப் பாருங்கள். ஆட்டு வாய்க்கு எட்டாத ஆழத்தில் பெரணிச் செடிகள் பச்சைப் பசேல் என்று வளர்ந்திருக்கும். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான், பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். ஆனால் ஈரமாக இருந்தால் கல்மேல் ஏறாமல் பக்கத்துப் புல்லில் நில்லுங்கள், விரிசலில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். கல்லைப் பெயர்த்து எடுக்கவும் கூடாது, இங்கிலாந்தின் பல சுண்ணாம்புத் தளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

பாதி வழியில், கோனிஸ்டன் டிப் என்ற வறண்ட பள்ளத்தின் தலைமாட்டுக்கு வருவீர்கள். சாப்பிட இங்கேயே உட்காரலாம். சற்று முன்னால் கோனிஸ்டன் பை என்ற வட்டப் பாறை இருக்கிறது. பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் கில்ன்சி கிராக் தெரியும். ஏறத்தாழ 50 மீட்டர் உயரம், நெற்றி முன்னால் துருத்தி நிற்கும் பாறை. பைனாகுலர் இருந்தால் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் பாறை ஏறுபவர்களைப் பார்க்கலாம்.

இறக்கம்

அதன்பின் நெடுநேரம் சமமான புல்பாதை, சுகமான நடை. கடைசியில் ஹைகேட் லேஸ் லேன் என்ற சந்து வழியாக ஸ்கார்கில் ஹவுஸ் என்ற கட்டடத்தின் அருகே தார்ச்சாலைக்கு இறக்கிவிடும். சாலையில் நடைமேடை கிடையாது. ஒற்றை வரிசையில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடங்கள். திருவிழா நாளில் கார்கள் அதிகம் வரும். சிறிது தூரத்திலேயே பாதை மறுபடி வயலுக்குள் போய்விடும். இங்கே சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள், அவற்றில் ஆள் மட்டும் நுழைகிற குறுகிய இடுக்குகள். பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டால் சிக்காமல் வரலாம்.

ஊருக்குள்

முதல் பொம்மையைக் கண்டதும் கேமராவை எடுக்க வேண்டாம். நேராகப் போய், பொம்மைகளைத் தேடிச் சுற்றுவதற்கான வழித்தாளைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதில் விடுகதைகள் இருக்கும், ஒவ்வொரு பொம்மையாகத் தேடி விடை எழுத வேண்டும். தாள் கையில் இருந்தால்தான் சந்து பொந்தெல்லாம் நுழைவீர்கள். ஓடைக்கரை, தோட்ட மதில், ஜன்னல், கூரை என்று எங்கே வேண்டுமானாலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பணம் ஊர்க் காரியங்களுக்குப் போகிறது. தேநீரும் கேக்கும்கூட இங்கேயே வாங்குங்கள்.

பொம்மைகளை நிதானமாகப் பாருங்கள். பழைய சட்டை, கால்சராய்க்குள் வைக்கோலைத் திணித்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிறு கட்டி, நடுவே கழி கொடுத்து நிறுத்துவது அடிப்படை முறை. முழங்கையை எப்படி மடக்கியிருக்கிறார்கள், தலை சாயாமல் எப்படி நிற்கிறது என்று கவனித்தால், செய்தவரின் கைத்திறன் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு மழைக்கே பாதி பொம்மைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வாசலில் வீட்டுக்காரர் நின்றால் "நீங்கள் செய்ததா?" என்று கேளுங்கள். நடந்து வந்தோம் என்று சொன்னால் பேச்சு தானாக வளரும்.

பேருந்துக்குக் கால் மணி நேரம் முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். ஆகஸ்ட் ஒத்துவராதவர்களுக்கு, லங்காஷயரில் ரே என்ற ஊரில் மே மாதத் தொடக்கத்தில் இதே போல ஒரு திருவிழா உண்டு. அதற்கும் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.