நாசா சொன்னதாம்: வினோதச் செய்திகளில் நாம் வழுக்கும் இடங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பலர் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். தோட்டத்துக் கோயில் குழு மட்டும் கலையவில்லை, புலனத்துக்கு (வாட்ஸ்அப்) இடம் மாறிக்கொண்டது. திருவிழா நன்கொடைக் கணக்கு, இரங்கல் செய்தி, அதற்கு நடுவே ஒரு வினோதம் என்று விடிகாலையிலேயே வந்து விழும். திருநள்ளாறுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம், நாசாவே ஒப்புக்கொண்டதாம். நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால்தான் கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் நிற்காது, விழும்.

பொய் பரவுகிறதே என்று பொதுவாகப் புலம்புவதில் எனக்கு ஆர்வமில்லை. என் ஆதங்கம் வேறு. இப்படி வரும் பல செய்திகளுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சங்கதி இருக்கிறது, அது பகிர்வைவிட ருசியானது. பெருமைப்படும் அவசரத்தில் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

நியூசிலாந்து மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளைக்காரனுக்கு முன்பே நியூசிலாந்தைக் கண்டுபிடித்த சோழர்கள்’ என்ற தலைப்போடு அந்த வெண்கலத் துண்டின் படம் வரும். மணி உண்மைதான். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதை மவோரி மக்களிடம் பார்த்தார். அவர்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாகச் சொன்னார்கள். இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிப் பழைய வடிவத் தமிழ் எழுத்துகள்: முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி. சோழன் எங்கே வந்தான்? அது கடலோடிய ஒரு தமிழ் முஸ்லிமின் கப்பல் மணி. எழுத்தமைதியை வைத்துச் சில நூற்றாண்டுப் பழமை சொல்கிறார்கள், அவ்வளவுதான். மவோரிகள் அந்தத் தீவுகளில் குடியேறியதோ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில். அந்தக் கப்பலே அங்கே போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மணியில் தன் பெயரைப் பொறித்து வைத்த மனிதரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ராஜேந்திரனை உட்கார வைப்பது எனக்குக் கொஞ்சம் திருட்டு மாதிரியே படுகிறது. ராஜேந்திரனுக்கு 1025-ல் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்பு இருக்கிறது, இந்த மண்ணிலேயே. அவருக்கு இரவல் பெருமை வேண்டியதில்லை.

அடுத்தது தேதி பார்க்காத தவறு. பத்துமலை முருகன் சிலை உலகிலேயே உயரம் என்று இன்னமும் பகிர்கிறார்கள். 2006-ல் திறக்கப்பட்டபோது 42.7 மீட்டர் உயரத்தோடு அது உண்மையாகத்தான் இருந்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே 146 அடியில் ஒரு முருகன் எழுந்த பிறகு அந்தப் பட்டம் அங்கே போய்விட்டது. தீபாவளி இரவில் இந்தியா வண்ண வண்ணமாக மின்னும் ‘நாசா படம்’ இதைவிட மோசம். அது ஒரே இரவில் எடுத்த படமே இல்லை. 1992 முதல் 2003 வரை அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த இரவு வெளிச்சத்தை அடுக்கிச் செய்தது. எந்த வட்டாரத்தில் எந்த ஆண்டு புதிதாக விளக்கு வந்தது என்று காட்டத்தான் அந்த நிறங்கள்: 1992-ல் வந்தது நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. ஊர் ஊராக மின்சாரம் பரவிய கதை அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அசந்து போவீர்கள். நாசா 2012-ல் நிஜமான தீபாவளி இரவுப் படத்தையும் வெளியிட்டது. நம் விளக்குகளால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு சிறியது என்று அதோடு சொல்லியும்விட்டது.

நம்புகிறவர்கள் மட்டும்தான் வழுக்குகிறார்கள் என்றில்லை. தீமிதி பற்றிய பேச்சு வந்தால் பகுத்தறிவு பேசும் இளைஞர்களும் சறுக்குவார்கள். காலில் எதையோ பூசிக்கொள்கிறார்கள், அல்லது பாத ஈரம் ஆவியாகி மெத்தைபோல் காக்கிறது என்பார்கள். ஆவிக்கு அதில் பெரிய பங்கில்லை. காரணம் கரிக்கங்குதான். கங்கு செக்கச்சிவந்து இருந்தாலும் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அடி எடுத்து வைக்கும் நேரமோ விநாடிக்கும் குறைவு. வெந்த இட்லியைக் கையில் எடுக்கலாம், அதே சூட்டில் இருக்கும் இட்லித் தட்டைத் தொட முடியாது. 1935-ல் இங்கிலாந்தில், அமானுஷ்யங்களை ஆராய்ந்த ஹாரி பிரைஸ் குழுவின் முன்னால் காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் நெருப்பில் நடந்து காட்டினார். பாதத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், பூச்சு எதுவும் இல்லை. இதைச் சொன்னால் விரதம் இருந்தவரின் பக்தி குறைந்துவிடுமா? எனக்குத் தோன்றவில்லை. தயங்கி நிற்பவருக்கும் தடுக்கி விழுபவருக்கும் கால் சுடத்தான் செய்யும் என்பதையும் அதே இயற்பியல்தான் சொல்கிறது. கோயில் குழு தெரிந்து வைத்திருக்க வேண்டியது அதைத்தான்.

இதுவரை சொன்னதில் உயிர்ச்சேதம் இல்லை. முதலில் கிடைத்த விளக்கத்தையே பிடித்துக்கொள்ளும் தவறு அப்படிப்பட்டதல்ல. அதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம், ஈப்போ பக்கமே இருக்கிறது. 1998 செப்டம்பர் வாக்கில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பன்றியும் மூளைக் காய்ச்சலும் சேர்ந்தால் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது அன்று இயல்பு. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த விளக்கத்தில் பொருந்தாத விஷயங்கள் கண்ணெதிரே கிடந்தன. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது, நோய் மட்டும் ஏன் பண்ணையைச் சுற்றியே நிற்கிறது? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்தார். அது வேறு ஜாதி. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்துப் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது அடங்குவதற்குள் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்துவிட்டார்கள். ஒரு மில்லியனுக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். மூலம், பழந்தின்னி வௌவால். பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் நின்றன, வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது.

நிப்பாவை ‘பன்றி சாப்பிடுகிறவர்கள் நோய்’ என்று பேசுவது இன்னொரு வழுக்கல். அது சாப்பாட்டு மேசையிலிருந்து வரவில்லை, உயிரோடு இருக்கும் நோயுற்ற பன்றியோடு புழங்கியதில் வந்தது. நோயை ஒரு மதத்தின், இனத்தின் கணக்கில் எழுதினால் மற்றவர் எச்சரிக்கையாக இருக்க மறந்துவிடுவார்.

அரசியல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது, அடுத்த மாதமே ஆட்சி மாறியது, மேலவை ஒருமுறை முட்டுக்கட்டை போட்ட பிறகு 2019 இறுதியில் சட்டம் ரத்தானது. சரி, இனிமேல் எதையும் அனுப்பலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும், கெட்ட நோக்கத்தோடு பொய்யான செய்தி அனுப்புவதையும் குற்றமாக்கும் அதன் 233-ஆவது பிரிவும் இன்னும் இருக்கின்றன. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது அங்கே நல்ல பதிலாகாது. சந்தேகமென்றால் 2017 முதல் இயங்கும் ‘செபெனார்ஞா’ என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அது அரசாங்கம் நடத்துவது என்பதையும் நினைவில் வையுங்கள். வதந்தியை மறுக்க அது கைகொடுக்கும், அரசாங்கத்தைப் பற்றிய புகார் என்றால் வேறு இடத்திலும் பார்க்க வேண்டும்.

அப்புறம், திருத்துகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கோயில் தலைவர் போட்ட செய்திக்குக் கீழே, இருநூறு பேர் பார்க்க, ‘இது பொய்’ என்று எழுதுவது. அவர் அதை அறிவியல் விவாதமாக எடுத்துக்கொள்ள மாட்டார், மரியாதைப் பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொள்வார். தனியாக அழைத்து, ‘ஐயா, அந்த மணியில் என்ன எழுதியிருக்கு தெரியுமா?’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். அடுத்த நாள் குழுவில் அதை அவரே போட்டாலும் போடுவார், தானே கண்டுபிடித்த மாதிரி. போட்டுக்கொள்ளட்டும்.