லண்டனுக்குப் போகாத லண்டன் மெட்ரிக்குலேஷன்

காலனி ஆட்சிக் காலத்துப் பரீட்சைப் பதிவுகளில் பெயர் தேடிக் கொடுப்பது என் வேலை. பூட்டனாரின் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் போடுகிறவர்கள், ஆய்வு மாணவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். சென்ற மாதம் வந்த தம்பி தன் குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார். முதல் பக்கத்திலேயே, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு உட்கார்ந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் வேறு.

பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை விடாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் ஆவணக் காப்பகத்தின் படியே ஏறவேண்டாம். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

‘லண்டன் மெட்ரிக்குலேஷன்’ என்றதும் ஆளைக் கப்பலேற்றிவிடுவது

தம்பியின் குறிப்பேட்டில் இருந்ததும், எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். லண்டன் மெட்ரிக்குலேஷன் என்பது லண்டன் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சை. 1836இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம் 1900 வரை யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். 1858இல் கிடைத்த புதிய சாசனம், குறிப்பிட்ட கல்லூரிகளில் படித்திருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது. அதன்பின், மருத்துவப் பட்டம் தவிர மற்றவற்றுக்கு, எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்ற கேள்வி இல்லை. கட்டணத்தைக் கட்டிப் பரீட்சையில் தேறினால் போதும். 1865இல் முதன்முறையாகக் கடல் கடந்து மொரீஷியஸில் அந்தப் பரீட்சை நடந்தது.

நடந்த விதத்தைக் கவனியுங்கள். வினாத்தாள் முத்திரையிட்ட உறையில் ஆளுநரின் பொறுப்புக்கு வரும். அங்கே நம்பிக்கையான அதிகாரி ஒருவர் உறையை உடைத்துப் பரீட்சையை நடத்துவார். எழுதிய விடைத்தாள்களை மீண்டும் கட்டி, அரக்கு வைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். திருத்துவது லண்டனில். ஆகக் கடல் கடந்து போய் வந்தவை தாள்கள்தான். எழுதியவர் தன் ஊர்த் துறைமுகத்தைக்கூடப் பார்த்திருக்கவேண்டியதில்லை.

இது தெரியாமல் நான் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு குடும்பம். 1890களைச் சேர்ந்த லண்டன் மெட்ரிக்குலேஷன் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்கள். தாத்தா சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர் என்பது வீட்டுக் கதை. சாட்சிக்கு வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றும் இருந்தது. லண்டனில் வாங்கியதாம். நான் கப்பல் பயணிகள் பட்டியல்களைப் புரட்டினேன். லண்டனில் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கிக்கொண்டு தேடித் தரும் ஒருவருக்குச் சேமிப்பிலிருந்து பணம் அனுப்பினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தாத்தா வேறு பெயரில் பயணம் செய்திருக்கக்கூடும் என்று நான்கு பக்கத்துக்கு ஓர் ஊகத்தையே எழுதி வைத்தேன். அந்த நான்கு பக்கங்களை இன்னும் கிழித்துப் போடவில்லை. தலைக்கனம் ஏறும் நாட்களில் எடுத்துப் படிப்பேன்.

கடைசியில், வேறொருவரைத் தேடிக் கல்வித் துறையின் ஆண்டறிக்கை ஒன்றைப் புரட்டியபோது அவர் அகப்பட்டார். கொழும்பில் எழுதித் தேறியவர்கள் வரிசையில், ஐந்தாவது பெயர். சான்றிதழைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். தேறினார் என்று இருந்ததே தவிர, எங்கே எழுதினார் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்த இடைவெளியைக் குடும்பம் கைத்தடியால் நிரப்பியது. நான் ஊகத்தால் நிரப்பினேன். வெள்ளிப் பூணைத் துடைத்துப் பார்த்தால், அடியில் கொழும்புக் கோட்டைக் கடை ஒன்றின் பெயர் பொறித்திருந்தது. முதல் நாளே கையில் எடுத்துப் பார்த்த தடிதான். துடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அந்த வீட்டு அம்மா, “அப்படியென்றால் அவர் சும்மாவா வீட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார், தம்பி?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளிநாடு போனவர் விஷயத்திலும் பரீட்சை வேறு, படிப்பு வேறு. வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் கில்கிறைஸ்ட் உதவித்தொகைப் பரீட்சையை எழுதி வென்றார். அது லண்டன் மெட்ரிக்குலேஷன் தரத்திலான போட்டி. எழுதியது கல்கத்தாவில். 1882இல் கப்பலேறிப் போய்ப் படித்ததோ எடின்பரோவில். லண்டன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் அவரையே தவறவிடுவோம். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியிலும் இதே கதைதான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை, அங்கே படித்தவர்கள் வாங்கியது லண்டன் பட்டம். ‘பி.ஏ. (லண்டன்)’ என்று வாசற்பலகையில் கண்டால் உடனே டெம்ஸ் நதியை வருணிக்கத் தொடங்காதீர்கள்.

எந்தப் பரீட்சை என்று கேட்காமல் விடுவது

‘என்ட்ரன்ஸ் பாஸ்’ என்று யாழ்ப்பாணத்துப் பழைய கடிதத்தில் கண்டால் கல்கத்தாவை நினையுங்கள். 1857இல் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சைக்கு அந்தப் பெயர். இலங்கைப் பள்ளிகள் சிலவும் அதனோடு இணைந்திருந்தன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் எல்லையை வரையறுத்த 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அந்த உறவு அறுந்தது. சென்னையில் நடந்தது மெட்ரிக்குலேஷன். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்றால் கேம்பிரிட்ஜ் நடத்திய உள்ளூர்ப் பரீட்சை. அது 1880 முதல் இலங்கையில் நடந்தது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கேம்பிரிட்ஜ் சீனியர் தேறியவரைக் கேம்பிரிட்ஜ் பட்டதாரி ஆக்கிய நினைவு மலர்கள் என் அலமாரியில் மூன்று இருக்கின்றன.

ஆண்டு

கேம்பிரிட்ஜ் பரீட்சை டிசம்பரில். தேறியவர் பட்டியல் மறு ஆண்டில். இரண்டு ஆண்டுகளையும் பாருங்கள்.

வயதை அப்படியே நம்புவது

லண்டன் மெட்ரிக்குலேஷனுக்குப் பதினாறு வயது நிரம்பியிருக்கவேண்டும். பதினாறு நிரம்பிய மறுவாரமே எழுதியவர்கள் சந்தேகத்துக்கு இடமான அளவு அதிகம். ஞானஸ்நானப் பதிவையோ சாதகத்தையோ கேளுங்கள்.

பெயரைப் பார்த்து இனம் சொல்வது

வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிஷன் நன்கொடையாளர்களின் பெயரை மாணவர்களுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அந்தச் செமினரியில் படித்த கரோல் விசுவநாதபிள்ளை. இப்படிப்பட்டவர்களின் தமிழ்ப் பெயர் ஒரு பட்டியலில் விடுபட்டுப்போனால், ‘ஐரோப்பிய மாணவர்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்த இரு பட்டதாரிகளில் மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தமிழில் சி. வை.; ஆங்கிலப் பதிவில் வை, ‘டபிள்யூ’ ஆகிவிடும். அதை வில்லியம் என்று விரித்து எழுதிய ஒரு கட்டுரையை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உலகம் முழுவதும் ஒரே மணிக்கு எழுதினார்கள் என்பது

மொரீஷியஸின் போர்ட் லூயியில் காலை பத்து மணி என்றால் லண்டனில் கிட்டத்தட்ட விடியற்காலை ஆறு. அங்கே முன்னதாக உறையைப் பிரித்தால் கேள்வி கசிந்துவிடாதா என்று ஆய்வு மாணவர்கள் பதறுகிறார்கள். 1865இல் எதில் கசியும்? மொரீஷியஸுக்குக் கடலடித் தந்தி வந்ததே 1893இல்தான்.

பட்டியலில் இல்லாதவர் எழுதவே இல்லை என்பது

ஆண்கள் விஷயத்தில் இது பெரும்பாலும் சரியாக வந்துவிடுவதால், பெண்கள் விஷயத்திலும் அப்படியே எழுதிவிடுகிறோம். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்தது 1878இல். கல்கத்தாவிலும் அந்த ஆண்டுதான் வழி பிறந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1876இல், டேராடூனிலிருந்து சந்திரமுகி பாசு என்ற மாணவி கல்கத்தா நுழைவுப் பரீட்சையை எழுத அனுமதி வாங்கினார். எழுதினார், தேறினார். தேறியவர் பட்டியலில் மட்டும் பெயரைப் போடவில்லை. பெண் என்பதுதான் காரணம். 1883இல் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தைக் காதம்பினி என்ற இன்னொரு மாணவியோடு சேர்ந்து வாங்கினார். 1876ஆம் ஆண்டுப் பட்டியலில் இன்று தேடினாலும் அவர் இல்லை.