கொந்தளிக்கும் கடலில் சிறு படகைக் காப்பாற்றுவது எப்படி?

முதல் முறையாக ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு 9 மீட்டர் நீளப் படகு ஒன்றை வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். காற்று இரைச்சலில் யாராவது கத்தும்போது, எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரம் இருக்காது.

படி 1: கரையிலேயே செய்ய வேண்டியது

வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 29 அன்று வெறும் தாழ்வு மண்டலமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. பல நாள் தொழிலுக்காக ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வரும். அதனால் படகுகள் கரையோடும் ஒன்றோடொன்றும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ கட்டாயம் வேண்டும். ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் சேனல். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

லைஃப் ஜாக்கெட்டை அணியத்துக்கு அடியில் செருகி வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். கடல் பொங்கிய பிறகு அதைத் தேடி எடுத்துக் கட்ட கை ஒழியாது.

படி 2: படகுக்குள் தண்ணீர் தேங்க விடாதீர்கள்

ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் முழுதும் அந்தப் பக்கம் ஓடி, தாம்பாளத்தை இன்னும் சாய்க்கும். படகிலும் இதேதான் நடக்கிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. அது பக்கத்துக்குப் பக்கம் ஓடினால், சாய்ந்த படகு நிமிர முடியாது. மூடிகளை இறுக்குங்கள், வலையையும் ஐஸ் பெட்டியையும் தாழ்வாக வைத்துக் கட்டுங்கள், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்கட்டும்.

படி 3: அலைக்கு விலாவைக் காட்டாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். உயரமான அலை என்பதாலேயே படகு கவிழ்ந்துவிடாது. உடைந்து நுரையாக விழும் அலை பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் கவிழ்கிறது. பாய்மரப் படகு மாதிரிகளை வைத்துச் செய்த சோதனைகளில், படகு நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலையே பக்கவாட்டில் அடித்துச் சாய்த்துவிட்டது. 60 சதவீதம் என்றால் முழுதாக உருட்டிவிட்டது. நம் 9 மீட்டர் படகுக்கு 30 சதவீதம் என்றால் 3 மீட்டர்கூட இல்லை.

அதனால் அணியம் எப்போதும் அலையைப் பார்த்தே இருக்க வேண்டும். நேருக்கு நேராக அடித்தால் படகு தூக்கித் தூக்கிப் போடும், ஆகவே கொஞ்சம் சாய்வாக ஏறலாம். ஏறும்போது இன்ஜினுக்கு வேகம் கொடுங்கள். முகட்டை நெருங்கும்போது குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படகு அந்தரத்தில் பாய்ந்து அடுத்த பள்ளத்தில் மோதும். முகடு தாண்டியதும் மறுபடி கொஞ்சம் வேகம். ஏறு, தளர்த்து, இறங்கு. கை இந்தத் தாளத்துக்குப் பழகிவிடும், ஆனால் சீக்கிரம் களைத்தும் போகும். சுக்கான் பிடிப்பவரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

படி 4: இன்ஜின் நின்றுவிட்டால்

இன்ஜின் நின்ற படகு தானாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். உடனே மிதவை நங்கூரத்தைப் போடுங்கள். தரையைப் பிடிக்கும் நங்கூரம் அல்ல இது. புனல் போலவோ பாராசூட் போலவோ தைத்த துணி, தண்ணீரை அள்ளிப் பிடித்து படகை இழுத்து நிறுத்தும். அணியத்திலிருந்துதான் விட வேண்டும். கயிறு படகு நீளத்தைப் போல் 10 மடங்காவது, அதாவது 90 மீட்டர், இருக்கட்டும். நைலான் நல்லது, இழுபட்டுக் கொடுக்கும்.

கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு அலைக்கும் அங்கே நூல் நூலாக அறுபடும். பழைய ரப்பர் ஹோஸில் ஒரு முழம் வெட்டி, அந்த இடத்தில் கயிற்றின் மேல் மாட்டிவிடுங்கள். மிதவை நங்கூரம் இல்லையா? வலையைச் சுருட்டிக் கட்டிக் கயிற்றில் விட்டாலும் ஓரளவு உதவும்.

படி 5: அலை பின்னாலிருந்து வந்தால்

அலை முகத்தில் சறுக்கிப் பாய விடாதீர்கள். அணியம் தண்ணீரில் குத்தி, அமரம் பக்கவாட்டில் திரும்பிவிடும். வேகத்தைக் குறைத்து, நீளமான கயிற்றை அமரத்திலிருந்து இழுபட விடுங்கள். அது ப்ரொப்பல்லரில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கரை தெரிகிறதே என்று ஓடாதீர்கள்

மனம் கரையைத்தான் கேட்கும். ஆனால் அலையின் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தொட்டதும் அது உடையும். ஆழ்கடலில் உருண்டு போகும் 2 மீட்டர் அலை, இரண்டரை மீட்டர் ஆழமுள்ள முகத்துவாரத்தில் சுவராக எழுந்து விழும். வழி பாதுகாப்பாக இல்லையென்றால் வெளியே ஆழத்தில் காத்திருப்பதுதான் சரி.

படி 7: படகை விட்டுவிடாதீர்கள்

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் 303 படகுகள் கிளம்பின. புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்ட படகுகள் 24, மூழ்கியவை 5. மீதி 19 படகுகளும் ஆள் இல்லாமலே மிதந்துகொண்டிருந்தன! உயிர்காக்கும் தெப்பத்துக்கு மாறியவர்களில் சிலர் அந்தத் தெப்பம் கவிழ்ந்ததாலேயே போனார்கள். இதைப் படித்த நாளிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: படகு காலுக்குக் கீழே மூழ்கிப் போகிற வரைக்கும் அதை விட்டு இறங்காதீர்கள்.

ஃபோம் அல்லது காற்றறை உள்ள ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். தேடி வருபவர்களுக்குத் தனி ஆளின் தலையை விடப் படகின் அடிப்பாகம் சீக்கிரம் கண்ணில் படும். கிளம்பும் முன்பே படகின் வெளிப்புறம் சுற்றிலும் கயிறு கட்டி வையுங்கள். கவிழ்ந்த படகின் வழுக்கும் அடியில் கை பிடிக்க வேறு எதுவும் இருக்காது.