தள்ளிப்போகும் இரண்டாம் பாகம்: கேம் உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெற்றிபெற்ற ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகம் ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் இழுபடும்போது, உருவாக்குவோரின் சோம்பல், பணத் தட்டுப்பாடு, திறமைக் குறைவு ஆகிய மூன்றில் ஒன்றையே பெரும்பாலோர் காரணமாகச் சொல்கின்றனர். தாமதத்துக்கு இத்துறையில் மிகவும் பெயர்போன ‘ட்யூக் நியூகம் ஃபாரெவர்’ கேமின் வரலாறு இந்தக் கருத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதை உருவாக்கிய, அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த த்ரீடி ரெல்ம்ஸ் நிறுவனத்திடம் முந்தைய வெற்றியால் ஈட்டிய பணம் போதிய அளவு இருந்தது. ஊழியர்கள் கடுமையாக உழைத்தார்கள். அவர்களுடைய திறமைக்கு முந்தைய கேமே சான்றாக நின்றது. கேம் எந்த நிலையை எட்டினால் அது முடிந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பதை மட்டும் அங்கே யாரும் வரையறுக்கவில்லை.

சென்னையில் பெருங்குடி, தரமணி, கிண்டி போன்ற பகுதிகளில், பகலில் வெளி நிறுவனங்களுக்கு ஓவியப் பணியும் கோடிங்கும் செய்து சம்பளத்தை ஈட்டிக்கொண்டு, மாலை நேரங்களில் சொந்தக் கேம் ஒன்றை வளர்க்கும் சிறு குழுக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முதல் கேமுக்குக் கொஞ்சம் வரவேற்பு கிடைத்ததும் இரண்டாம் பாகத்தில் இறங்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இயல்பாகவே வருகிறது. டெக்சாஸில் நடந்த தவறுகளைச் செய்வதற்குப் பல மில்லியன் டாலர் தேவையில்லை. நால்வர் சேர்ந்து வேலை செய்யும் ஓர் அறையிலும் அவை அப்படியே நடக்கக்கூடும்.

‘ட்யூக் நியூகம் 3டி’ 1996 ஜனவரியில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அடுத்த பாகத்தை 1997 ஏப்ரலில் அறிவித்தபோது, 1998இல் அது வந்துவிடும் என்றே நிறுவனம் நம்பியது. கேம் கடைகளுக்கு வந்ததோ 2011 ஜூனில். இடைப்பட்ட 14 ஆண்டுகளில் கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் மாறியது, வெளியீட்டு உரிமை கைமாறியது, குழு கலைக்கப்பட்டது, வழக்கு நடந்தது, இறுதியில் கியர்பாக்ஸ் என்ற வேறொரு நிறுவனம் பொறுப்பேற்று முடித்துவைத்தது.

கேம் உருவாகும் முன்னரே அறிவித்துவிடுவது

கோடம்பாக்கத்தில் பூஜை போட்ட அன்றே பெயரையும் போஸ்டரையும் வெளியிட்டு, பொங்கலுக்கு வெளியீடு என்று அறிவிக்கும் வழக்கம் நமக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே நடிகர்களின் கால்ஷீட் ஓர் எல்லையாக நின்று, படப்பிடிப்பை ஏதோ ஒரு நாளில் முடிக்கவைக்கிறது. கேமுக்குக் கால்ஷீட் கிடையாது. அறிவிப்பு வெளிவந்த பின்னும் எந்தப் பாத்திரத்தையும், எந்த லெவலையும், எந்த ஆயுதத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். வெளியிலிருந்து எல்லை கட்டுபவர் யாரும் இல்லாததால், குழுவே தனக்குத்தானே எல்லை கட்டிக்கொண்ட பிறகுதான் அறிவிக்க வேண்டும்.

ட்யூக் கேமை அறிவித்தபோது அதற்கென முடிவான எஞ்சின்கூட நிறுவனத்தின் கையில் இல்லை. க்வேக் 2 எஞ்சினுக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள். ஆனால் க்வேக் 2 கேமே 1997 டிசம்பரில்தான் வெளிவந்தது. 2014 ஜூனில் கேம் துறையின் இ3 கண்காட்சியில் டிரெய்லருடன் அறிவிக்கப்பட்ட ‘டெட் ஐலண்ட் 2’ அடுத்த ஆண்டே வருவதாக இருந்தது. யாகர், சுமோ டிஜிட்டல், டம்பஸ்டர் என்று மூன்று ஸ்டூடியோக்களைக் கடந்து 2023 ஏப்ரலில்தான் அது வந்து சேர்ந்தது. ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2’ கேமின் முதல் முன்னோட்டம் 2008இல் வெளியானது. 2017இல் அதை மீண்டும் புதிதாக அறிமுகப்படுத்தினார்கள். 2020இல் அதன் கருவைக் கொடுத்த மிஷெல் ஆன்செல் அதை உருவாக்கும் யூபிசாஃப்ட் நிறுவனத்திலிருந்து விலகினார். 2022இல் ட்யூக்கின் 14 ஆண்டுச் சாதனையையும் அது தாண்டிவிட்டது.

சிறு குழுவுக்கு இந்தத் தவறு, கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையத் தளத்தில் நேர்கிறது. வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் அங்கே பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். வாங்க விரும்புவோர் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் சேர வேண்டும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே திறப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் டெமோ விழாவில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு முறைதான் இடம் கிடைக்கும். அரைகுறை டெமோவுடன் அதில் பங்கேற்று அந்த ஒரே வாய்ப்பைச் செலவழித்துவிட்டால், கேம் உண்மையில் தயாராகும் ஆண்டில் கையில் எதுவும் மிஞ்சாது. முதல் லெவலிலிருந்து கடைசி லெவல்வரை ஒருமுறையாவது, வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளாலான உலகமாக இருந்தாலும், தொடர்ந்து விளையாட முடிகிற நிலை வந்த பிறகு அறிவிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சினைத் துரத்துவது

இந்த வரலாற்றில் மிக ஆழ்ந்து பார்க்க வேண்டிய பகுதி இது. காட்சியை வரைவது, வெளிச்சத்தைக் கணக்கிடுவது, பொருள்களின் மோதலைக் கண்டறிவது, ஒலியை இயக்குவது ஆகிய அடிப்படை வேலைகளைச் செய்யும் மென்பொருளே கேம் எஞ்சின். 1998 மே மாத இ3 கண்காட்சியில் க்வேக் 2 எஞ்சினில் உருவான ட்யூக் காட்சிகளைக் காட்டிய நிறுவனம், அடுத்த மாதமே அன்ரியல் எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தது. அன்ரியலில் பரந்த வெளிப்புறக் காட்சிகள் அழகாக வந்தன என்பது உண்மை. ஆனால் இவ்விரு எஞ்சின்களில் லெவல் கட்டும் முறையே நேரெதிரானது. க்வேக் வகையில், வெற்றுவெளியில் சுவர்களையும் தரையையும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்ட வேண்டும். அன்றைய அன்ரியலில், எங்கும் திடமாக நிறைந்திருக்கும் உலகிலிருந்து அறைகளைக் குடைந்தெடுக்க வேண்டும். ஆகவே ஒன்றில் கட்டிய லெவலை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்ல வழியில்லை. எதிரிகளின் நடத்தையை எழுதிய புரோகிராமும் அப்படித்தான். ஓவியங்களும் ஒலிகளும் வேண்டுமானால் தப்பிப் பிழைக்கும்.

2001இல் காட்டப்பட்ட டிரெய்லர் கண்காட்சிக்கு வந்தவர்களை வியக்கவைத்தது. வெளியிடுவதற்கு ஏற்ற தருணம் ஒன்று இருந்தது என்றால், அதற்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகள்தாம் அது என்று நினைக்கிறேன். திட்டத்தின் தலைவர் ஜார்ஜ் ப்ரூசார்ட் அப்போதும் நிறைவடையவில்லை. புதிதாக வெளிவரும் ஒவ்வொரு கேமிலும் உள்ள தொழில்நுட்பம் தம் கேமிலும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எஞ்சினின் பெரும்பகுதியைக் குழு மீண்டும் தானே எழுதியது. அதற்கு முன் செய்த வேலையில் பெரும்பங்கு குப்பைக்குப் போனது. போட்டியாளரின் இன்றைய கேமைப் பார்த்து நம் கேமை மாற்றத் தொடங்கினால், மாற்றி முடிப்பதற்குள் அவர் அடுத்ததை வெளியிட்டுவிடுவார். இந்த ஓட்டத்தில் யாரும் வென்றதில்லை.

இன்று சென்னையில் இதே கேள்வி வேறு பெயர்களில் வருகிறது. 2023 செப்டம்பரில், பலரும் பயன்படுத்தும் யூனிட்டி எஞ்சினின் நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்ப ரன்டைம் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்ததும், உலகெங்கும் பல டெவலப்பர்கள் கோபத்துடன் கோடோ, அன்ரியல் ஆகிய வேறு எஞ்சின்களுக்கு மாறினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில், யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்த குழு மாறியதில் இழப்பு அதிகமில்லை. முக்கால்வாசி முடித்திருந்த குழு மாறியிருந்தால், காட்சிகளையும், பொருள்களின் மேற்பரப்புத் தோற்றத்தைத் தரும் மெட்டீரியல்களையும் பெரும்பாலும் புதிதாக அமைக்க வேண்டியிருந்திருக்கும். எஞ்சினை மாற்றலாமா என்று விவாதிக்கும்போது, புதிய எஞ்சின் என்ன தரும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கையிலுள்ள லெவல்களில் எத்தனை அழியும் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

பணம் இருப்பதால் காலக்கெடு வேண்டாம் என்று நினைப்பது

எப்போது வரும் என்ற கேள்விக்கு த்ரீடி ரெல்ம்ஸ் பல ஆண்டுகள் ஒரே பதிலைச் சொல்லிவந்தது: முடிந்ததும் வரும். தரத்தில் சமரசம் செய்யாத கலைஞரின் பேச்சாக அது அன்று பாராட்டப்பட்டது. நிறுவனம் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டதால், பப்ளிஷருக்குக் கணக்குச் சொல்லும் கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. வெளியீட்டு உரிமையை வைத்திருந்த டேக்-டூ நிறுவனம் 2006ஆம் ஆண்டுக்குள் முடித்தால் 5 லட்சம் டாலர் ஊக்கத்தொகை தருவதாகச் சொல்லியும் பயனில்லை. ப்ரூசார்டும் அவருடைய பங்காளி ஸ்காட் மில்லரும் தங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவழித்த பின் பணம் வற்றியது. டேக்-டூவிடம் 60 லட்சம் டாலர் கேட்டபோது, முதலில் 25 லட்சமும் முடித்தபின் 25 லட்சமும் தருவதாக அது சொன்னது. அதை ஏற்க மறுத்து 2009 மே 6 அன்று குழுவைக் கலைத்தார்கள். அதே மாதத்தில் டேக்-டூ வழக்கும் தொடுத்தது.

நம் ஊர்ச் சிறு குழுக்களிடம் இவ்வளவு பணம் கிடையாது என்பதால் இந்தத் தவறு தங்களுக்கு நேராது என்று அவர்கள் நினைக்கலாம். மாலை நேர உழைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. சம்பளம் வேறிடத்திலிருந்து வருகிறது, கேமுக்காகக் கையிலிருந்து எதுவும் போகவில்லை என்ற எண்ணம் இருக்கும்வரை, இன்னும் ஆறு மாதம் என்று தள்ளுவது யாருக்கும் வலிக்காது. ஆகவே குழுவினர் ஒவ்வொருவருடைய மணிநேரத்துக்கும் ஒரு விலை வைத்து, மாதந்தோறும் கூட்டி எழுதிவைக்க வேண்டும். அந்தத் தொகை கண்முன் வளரும்போது, ஒரு லெவலை நீக்கிவிடலாமா என்ற பேச்சு தானாக எழும்.

குழுவின் அளவும் இதனோடு பிணைந்ததே. 2003இல் ட்யூக் கேமில் வேலை செய்தவர்கள் 18 பேர் மட்டுமே. கேம்களின் அளவும் நுணுக்கமும் அதற்குள் பலமடங்கு வளர்ந்திருந்தபோதும், 1990களின் சிறு குழு முறையை நிறுவனம் விடவில்லை. 2006 வாக்கில் அனுபவமிக்க பலர் வெளியேறினர். பத்தாண்டு உழைத்தும் தம் பெயர் தாங்கிய ஒரு கேம்கூட வெளிவராத கலைஞர், அடுத்த வேலை தேடும்போது எதைக் காட்டுவார்? இளைஞர்களின் உழைப்பை வாங்குபவர்கள் இதை மனச்சாட்சியோடு யோசிக்க வேண்டும்.

எல்லாத் தாமதத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

இது விளையாடுபவர்களும் செய்யும் தவறு. ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரிலுள்ள டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு, முதல் கேமின் வருவாயை வைத்துக்கொண்டு, விரும்பியே மெதுவாக வேலை செய்தது. அங்கே எஞ்சினும் மாறவில்லை, கேமின் அடிப்படை இயல்பும் மாறவில்லை, உள்ளடக்கம்தான் வளர்ந்தது. ‘மெட்ராய்ட் பிரைம் 4’ வேறு வகை. 2017இல் வெறும் லோகோவைக் காட்டி அறிவித்த நின்டெண்டோ, 2019 ஜனவரியில் இதுவரையிலான வேலை தாங்கள் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, முந்தைய பாகங்களை உருவாக்கிய ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் ஒப்படைத்துத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. 2025 டிசம்பரில் அது வெளிவந்தது. இரண்டு ஆண்டு வேலையைக் கைவிடுவது கசப்பான முடிவு. ஆனால் ஒருமுறை மட்டும், காரணத்தைச் சொல்லிக் கைவிடுவதும், யாருக்கும் சொல்லாமல் பலமுறை கைவிடுவதும் ஒன்றாகா.

காலத்தை எண்ணுவதைவிட, கடந்த ஆண்டு செய்ததில் எவ்வளவு இந்த ஆண்டும் கேமில் நிற்கிறது என்று கேட்பதே குழுவின் நிலையைச் சரியாகக் காட்டும்.

பல காலங்களை ஒரே கேமில் அடுக்குவது

2011இல் வந்த ட்யூக் கேமைப் பற்றிய விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. அதன் குறைகளில் அதன் வயதைப் படிக்க முடிந்தது. 1996ஆம் ஆண்டுக் கேமில் வீரன் தன் ஆயுதங்கள் அனைத்தையும் சுமந்து திரிந்தான். இடையில் ஹாலோ போன்ற கேம்கள் வேறொரு பாணியைப் பரப்பியதால், புதிய ட்யூக் இரண்டே ஆயுதங்களோடும் தானே ஆறும் காயங்களோடும் வந்தான். நகைச்சுவையோ 1990களிலேயே நின்றிருந்தது. பழைய ரசிகருக்கு அது பழைய ட்யூக்காக இல்லை. புதியவருக்குப் புதிய கேமாகவும் இல்லை. பின்னர் கணினிப் பதிப்பில் நான்கு ஆயுதங்களை வைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் நாளிலேயே, முதல் பாகத்திலிருந்து எந்த மூன்று இயல்புகளைத் தொடப்போவதில்லை என்று ஒரு தாளில் எழுதி, குழுவிலுள்ள அனைவரும் ஒப்புக்கொள்வது நல்லது.

ஒப்படைக்க முடியாத நிலையில் வேலையை வைத்திருப்பது

குழு கலைந்த பிறகும் கேம் அழியாமல் இருந்ததற்குக் காரணம், அதில் வேலை செய்த சிலர் ட்ரிப்டிக் கேம்ஸ் என்ற பெயரில் ஒன்றுகூடித் தொடர்ந்து உழைத்ததுதான். பின்னர் பொறுப்பேற்ற கியர்பாக்ஸ் 2010 செப்டம்பரில் விளையாடக்கூடிய டெமோவைக் காட்டியது. பன்னிரண்டு ஆண்டில் முடியாதது, வெளியிலிருந்து வந்தவர்கள் இதுதான் கேம், இதற்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று கோடு போட்டதும், இரண்டே ஆண்டில் முடிந்தது.

சென்னையில் ஒருவர் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ வேலை மாறிப் போனாலே நால்வர் குழுவின் கால்பங்கு அறிவு போய்விடும். ஆகவே எல்லாக் கோப்புகளும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் போன்ற மென்பொருள் வழியே குழுவினர் அனைவரும் எடுக்கக்கூடிய களஞ்சியத்தில் இருக்க வேண்டும். ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் எதுவும் தங்கக் கூடாது. உரிமை யாருக்கு எத்தனை பங்கு, விலகுபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுத்தில் வைக்க வேண்டும். வாரந்தோறும், அதுவரை முடிந்த கேமின் ஓடக்கூடிய பதிப்பான பில்டு ஒன்றை எடுத்து, குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து விளையாடச் சொல்லி, அவர் எங்கே தடுமாறினார், எங்கே நிறுத்தினார் என்பதைத் தேதியுடன் குறித்துவைக்க வேண்டும்.