தாம்பூலப் பை முதல் தேங்காய்ப்பூத் துண்டு வரை: பெயர் எம்பிராய்டரி வடிவமைக்கும் முறை

கீழக்கரையில் கல்யாணச் சீருக்கான துண்டுகள், தங்கச்சிமடத்தில் ஞானஸ்நானக் குழந்தைக்கான வெள்ளை உடை, ராமேசுவரத்தில் வீட்டு விசேஷத்துக்கான தாம்பூலப் பைகள், தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டிக்கான பனியன்கள் என்று எங்கள் கடற்கரையில் பெயர் தைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு உடனே கணினி முன் உட்கார்ந்துவிடுவதுதான் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. எந்தத் துணி, யாருடைய பெயர், அதை அந்த வீட்டார் எப்படி எழுதுவார்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகே வடிவத்தைத் தொட வேண்டும். படம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். பெயர் பிழையானால் அந்தப் பரிசை அலமாரிக்குள்தான் வைப்பார்கள்.

ஆகவே பெயரை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளாமல், கொடுப்பவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டில் ‘பாத்திமா’, அடுத்த வீட்டில் ‘ஃபாத்திமா’. ஒருவர் ‘முனியசாமி’ என்பார், இன்னொருவர் ‘முனியசுவாமி’ என்பார். இரண்டும் சரிதான், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுதான் சரி. தொழுகை விரிப்பில் பெயர் கேட்டால், நெற்றி படும் இடத்திலும் கால் படும் இடத்திலும் வைக்காமல் ஓரத்தில் வைக்கலாமா என்பதை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; சில வீடுகளில் விரிப்பில் பெயரே வேண்டாம் என்பார்கள், அதையும் மதிக்க வேண்டும்.

அடுத்தது தட்டச்சு. எம்பிராய்டரி மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேர்வதில்லை. ‘ஜைனம்பு’ என்று அடித்தால், ‘ஜ’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் நிற்கும், ‘செய்யது’ என்பதில் ஒற்றைக் கொம்பு இடம் மாறும். அரபு எழுத்தானால் ஒன்றோடொன்று சேர வேண்டியவை பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவால் பெயரை அடித்து, எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, அந்த வடிவத்தின்மேல் தையலை அமைப்பதே அது. இங்க்ஸ்கேப்புக்குள்ளேயே இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் என்ற நீட்சி இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு அது போதும்.

இப்போது பஞ்சிங். படத்தைத் தையலாக மாற்றும் வேலைக்குத் தொழிலில் வழங்கும் பெயர் இதுதான். தமிழ் எழுத்துக்குப் பஞ்சிங் செய்வது ஆங்கில எழுத்துக்குச் செய்வதைவிடக் கடினம், காரணம் சுழிகள். ‘கண்ணன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ண’ இரண்டு முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் பல சுழிகள். பிறகு ‘ன’ ஒன்று. நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு புள்ளிகள். சாட்டின் தையல், அதாவது கோட்டின் அகலம் முழுவதும் நூல் நெருக்கமாகப் போய்வரும் தையல், துணியைக் கோட்டின் குறுக்கே உள்ளிழுக்கும் என்பதால், கணினியில் 1.5 மில்லிமீட்டர் அகலமாகத் தெரியும் கோடு துணியில் ஒல்லியாகிவிடும். அதை ஈடுகட்ட 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை ‘புல் காம்பன்சேஷன்’ கொடுக்கிறோம். அப்படிக் கொடுக்கும்போது கோடு தடித்து, சுழிக்குள் இருந்த வெற்றிடம் அடைபடுகிறது. தைத்து முடித்துப் பார்த்தால் ‘ண’ இருக்க வேண்டிய இடத்தில் நூல் உருண்டை ஒன்று இருக்கும். எனவே ஈடு கொடுப்பதற்கு முன்பே சுழிகளைக் கையால் பெரிதாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் குறைந்தது 1 மில்லிமீட்டர் துணி தெரியும்படி விட வேண்டும். எழுத்துரு அழகாக இருக்கிறதே என்று இந்தத் திருத்தத்தைச் செய்யத் தயங்காதீர்கள்; அச்சுக்காக வரையப்பட்ட எழுத்துக்கு ஊசியின் பருமன் தெரியாது.

என் அனுபவத்தில், வழக்கமான 40 எண் நூலில் தமிழ் எழுத்தின் உயரம், கால்களையும் கொம்புகளையும் சேர்க்காமல், 10 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கைக்குட்டை மூலையில் சிறிதாக வேண்டும் என்றால் 60 எண் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் போட்டு 7, 8 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கும் கீழே கேட்டால் முழுப் பெயரை விட்டுவிட்டு முதலெழுத்தை மட்டும் பெரிதாகத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பேனா ஓடும் வழியிலேயே ஊசியும் ஓட வேண்டும் என்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கையால் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோமோ அதே வரிசையில் தையல் பாதையை அமைத்தால் நூல் வெட்டுகள் குறையும். பின்பக்கமும் சுத்தமாக இருக்கும். ‘ழ’, ‘ஞ’ போன்றவற்றில் கோடு தன்னைத்தானே கடக்கும் இடத்தில் இரண்டு சாட்டின் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டு கட்டும். அங்கே கீழ்க்கோட்டின் தையலை அறுத்து, மேல்கோட்டின் அடியில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மட்டும் நுழைய விடுங்கள். மேல்தையலுக்கு முன் போடும் அடித்தையலைத் தவிர்க்காதீர்கள்: 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டம் போதும், அதற்கு மேல் இரு ஓரங்களிலும் ஓட வேண்டும், இன்னும் அகலமானால் குறுக்குத் தையலும் சேர வேண்டும். சாட்டின் வரிகளுக்கிடையே 0.4 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்க அளவு. 7 மில்லிமீட்டரைத் தாண்டும் அகலத்துக்குச் சாட்டின் போட்டால் நூல் தளர்ந்து வளையலிலும் நகத்திலும் மாட்டும். அங்கே, பரப்பைச் சிறு குத்துகளின் வரிகளால் மூடும் நிரப்புத் தையலுக்கு மாறிவிடுங்கள்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் அதைச் சிறு துணுக்காக நினைத்து இரண்டு மூன்று குத்தில் முடித்துவிடும். முதல் சலவையில் அது அவிழ்ந்தால் ‘கண்ணன்’ என்பது ‘கணணன’ ஆகிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் 2 மில்லிமீட்டர் வட்டமாக, அடித்தையலோடும் தொடக்க முடிச்சோடும் இறுதி முடிச்சோடும் தனித்தனியாக அமையுங்கள். ‘ஃ’ வந்தால் மூன்று புள்ளிகள். இடையிலுள்ள தாவு நூலை இயந்திரம் வெட்டாவிட்டால் நீங்கள் கத்தரியால் வெட்ட வேண்டும்.

துணிக்கு வருவோம். தாம்பூலப் பைக்கு வரும் காடாத் துணி எதையும் தாங்கும். அடியில், தைத்த பின் கிழித்தெடுக்கும் பேப்பர் ஒன்று போதும். ஆனால் பனியன் துணி இழுபடும் துணி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக் குழுவுக்காகப் பனியன்களைத் தைத்தபோது, அவசரத்தில் எல்லாவற்றுக்கும் கிழிக்கும் பேப்பரையே வைத்துவிட்டேன். கடையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஒரு சலவைக்குப் பிறகு குழுவின் பெயர் முழுவதும் சுருங்கி, எழுத்தைச் சுற்றித் துணி அலை அலையாக நின்றது. பேப்பர் போன பிறகு தையலைத் தாங்கப் பின்னால் எதுவும் இல்லை. அத்தனையையும் என் செலவில் மறுபடி தைத்துக் கொடுத்தேன். பின்னல் துணி எதுவானாலும் பின்னால் நிரந்தரமாகத் தங்கும் கட்-அவே வகைப் பேக்கிங்கை (தையலைத் தாங்கும் அடித்தாளை) வைத்து, தைத்த பின் ஓரத்தை மட்டும் வெட்டுங்கள். ஊசி முனை உருண்டையான பால்பாயிண்ட் வகையாக இருக்கட்டும். துணியைப் பிடித்துக்கொள்ளும் ஃப்ரேமில் பூட்டும்போது அதை இழுக்காதீர்கள். நெய்த துணியைத்தான் மத்தளம் போல இறுக்கலாம்.

தேங்காய்ப்பூத் துண்டு வேறு விதம். அதன் வளைய நூல்கள் தையலை விழுங்கிவிடும். மேலே தண்ணீரில் கரையும் பிலிம் ஒன்றை விரித்து, அதன்மேல் தைக்க வேண்டும். ஃப்ரேமில் பூட்டினால் தடம் விழும் என்பதால், பேக்கிங்கை மட்டும் பூட்டி அதன்மேல் துண்டைத் தற்காலிகப் பசையால் ஒட்டுவது நல்லது. எழுத்தின் கோடு இங்கே 2.5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இடத்தைக் குறிக்கும் முன் துண்டை அவர்கள் மடிப்பது போல நீளவாக்கில் மூன்றாக மடித்துப் பாருங்கள். மடித்து வைத்தால் தெரியும் பக்கத்தின் நடுவில், கரைப் பட்டைக்கு மேலே 2 அங்குலம் தள்ளி, பெயர் வர வேண்டும். ஆண்கள் சட்டையின் இடது மார்பென்றால் தோள் தையலிலிருந்து 7, 8 அங்குலம் கீழே, பட்டன் பட்டியின் நடுவிலிருந்து 4 அங்குலம் தள்ளி மையப்புள்ளியை வையுங்கள். சட்டையின் அளவுக்கேற்ப அரை அங்குலம் நகர்த்திக்கொள்ளலாம்.

இனிப் படம். எங்கள் பக்கம் அதிகம் கேட்கப்படுவது சங்கு. சங்கு குளித்த கரையில் தப்பான சங்கைத் தைத்துக் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நீண்டு ஒடுங்கும் வால் முனையை மேலே வைத்து வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் திறப்பது வலம்புரி, இடப்பக்கம் திறப்பது இடம்புரி. மென்பொருளில் ‘மிரர்’ பொத்தானை ஒரு முறை அழுத்தினால் வலம்புரி இடம்புரியாகிவிடும். தாம்பூலப் பையின் இரு மூலைகளிலும் எதிரெதிராகச் சங்கு வைக்கும்போதுதான் இந்தப் பிழை நுழைகிறது. இரண்டும் வலம்புரியாக வேண்டுமென்றால் இரண்டாவதைத் திருப்பிப்போடாமல், சாய்வை மட்டும் மாற்றி வைக்க வேண்டும். சுழற்றுவதால் புரி மாறாது. சங்கின் உடலைப் புரிபுரியாகப் பிரித்து, ஒவ்வொரு புரிக்கும் தையலின் கோணத்தைச் சற்றே திருப்புங்கள். நூல் படுத்திருக்கும் திசைக்கேற்ப வெளிச்சம் மாறுவதால், ஒரே சந்தன நிற நூலிலேயே சங்கின் உருட்சி தெரியும். மூன்று நிறம் மாற்ற வேண்டியதில்லை.

பாம்பன் பாலம் கேட்பவர்களிடம் எந்தப் பாலம் என்று கேளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு இலைகளாகப் பிரிந்து சாய்வாக மேலெழும்படி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத் துண்டு இரு கோபுரங்களுக்கிடையே படுத்தபடியே மேலே செல்லும். புகைப்படத்தை அப்படியே தைக்க முயன்றால் இரும்புச் சட்டங்களின் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் சிக்கலாகத்தான் முடியும். 8 சென்டிமீட்டர் அகலத்தில், நடுப்பகுதியையும் இரு பக்கமும் சில தூண்களையும் மட்டும் எடுத்து, தூண்களைச் சாட்டினிலும் சட்டங்களை மூன்று முறை ஓடும் ஓட்டத் தையலிலும், கடலை இரண்டே அலைக்கோடுகளிலும் அமைத்தால், பார்த்தவுடன் பாம்பன் என்று தெரியும்.

நிரப்புத் தையலுக்குக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இடைவெளி 0.4, தையல் நீளம் 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 62 குத்து. 10 சென்டிமீட்டர் சதுரம் முழுவதும் நிரப்பினால், அடித்தையல் சேர்க்காமலேயே 6,250 குத்து. நிமிடத்துக்கு 600 குத்து ஓடும் இயந்திரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். நூறு பை தைக்க ஒப்புக்கொள்ளும் முன் இதைப் பெருக்கிப் பார்த்தால், பின்னணியை நிரப்பாமல் துணியின் நிறத்தையே பின்னணியாக விடுவது எவ்வளவு நல்லது என்று புரியும்.

நூலில் எனக்குப் பாலியஸ்டர்தான் விருப்பம். ரேயானின் பளபளப்பு அழகுதான். ஆனால் வெயிலில் காயும் பனியனுக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைக்கும் துண்டுக்கும் பாலியஸ்டரே நிறம் தாங்கும். ஜரிகை நூலென்றால் கண் பெரிதான 90/14 ஊசி, தளர்த்திய இழுவிசை, நிமிடத்துக்கு 400 குத்துக்கு மேற்படாத வேகம் ஆகிய மூன்றும் வேண்டும். செம்பு கலந்த ஜரிகை எங்கள் உப்புக் காற்றில் கறுத்துவிடும். அதே காற்று ஊசியையும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியையும் துருப்பிடிக்க வைக்கும். நாள்முடிவில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைத் துடைத்து, கொக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இயந்திரத்தை மூடி வையுங்கள். கரையும் பிலிமை மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்காவிட்டால் அது பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கோப்பைச் சேமிக்கும்போது பிரதர் இயந்திரத்துக்கு பி.இ.எஸ்., ஜனோமுக்கு ஜே.இ.எஃப்., பல ஊசிப் பெரிய இயந்திரங்களுக்கு டி.எஸ்.டி. என்று வகை பார்த்துச் சேமியுங்கள். டி.எஸ்.டி. கோப்பு உண்மையான நூல் நிறத்தைச் சொல்லாது. நிற வரிசையைத் தாளில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டுங்கள். தையல் கோப்பைப் பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யாமல், மூல வடிவத்துக்குத் திரும்பி அளவை மாற்றுங்கள்.

பரிசுத் துணியில் ஊசி படும் முன் அதே வகைத் துணியின் துண்டு ஒன்றில் முழு வடிவத்தையும் தைத்துப் பாருங்கள். சாட்டின் கோட்டைப் பின்பக்கம் திருப்பினால், நடுவில் மூன்றிலொரு பங்கு வெள்ளைப் பாபின் நூலும் இரு ஓரமும் மேல் நூலும் தெரிந்தால் இழுவிசை சரி. தைத்ததைக் கைநீளத் தூரத்தில் வைத்து, பெயர் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் எழுத்தைத்தான் திருத்த வேண்டும்.

முடிந்த துணியில் தாவு நூல்களை வெட்டி, பேப்பரைத் தையலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிழித்து, பிலிமின் மிச்சத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். குழந்தை உடையென்றால் பின்பக்க நூல் தோலில் உரசாமல் சூட்டில் ஒட்டும் மென்மையான ஃபியூசிங் துணியை ஒட்டுங்கள். இஸ்திரியை முன்பக்கம் போடாதீர்கள். தேங்காய்ப்பூத் துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்த்தால் தையல் நசுங்காது. சோதனைக்குத் தைத்த துண்டைத் தூக்கிப் போடாமல், ஊசி எண்ணும் நூல் எண்ணும் பேக்கிங் வகையும் எழுதி, கொடுத்தவர் கையால் பெயர் எழுதிய தாளோடு சேர்த்து நோட்டில் ஒட்டி வையுங்கள்; அந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு உடை கேட்டு வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பீர்கள்.