சாப்பிடும்போது மட்டும் கன்னம் வீங்குதா? மொதல்ல பல்லைக் கடிச்சுப் பாருங்க

தங்கச்சிமடத்துல எங்க மச்சானுக்கு சோத்துல கைய வச்சா போதும், வலது காதுக்கு முன்னாடி புசுபுசுன்னு வீங்கும், ஒரு மணி நேரத்துல தானா வடிஞ்சிரும். பொன்னுக்கு வீங்கின்னு அக்கா தன் சங்கிலியக் கழட்டி அவர் கழுத்துல போட்டுச்சு (இன்னும் திரும்பி வரல). ஆனா பொன்னுக்கு வீங்கி வைரஸால வர்றது, வந்தா நாள் கணக்குல நிக்கும், சோத்துக்கு சோறு வந்து வந்து போகாது.

ஸ்கேன்ல பாத்தா எச்சில் குழாய்ல கல்லு கில்லு ஒண்ணும் இல்ல, தாடைச் சதைதான் பெருத்துக் கிடக்கு. காதுப்பக்கத்து எச்சில் சுரப்பில கிளம்புற குழாய் 5 சென்டிமீட்டருக்கு மேல நீளம், அந்த மெல்லுற சதை மேலயே ஓடி அதோட முன் ஓரத்துல சட்டுன்னு உள்ள திரும்பி, மேல்வரிசை ரெண்டாவது கடவாப்பல்லுக்கு எதிர்த்தாப்ல வாய்க்குள்ள திறக்குது. சதை தடிச்சா அந்தத் திருப்பத்துல குழாய் மடங்கிரும், சாப்பிடும்போது ஊறுற எச்சில் போக வழியில்லாம பின்னாடி தேங்கும், அதான் வீக்கம்.

வீட்டுலயே பாக்கலாம். தாடை மூலைல விரல வச்சு பல்ல இறுக்கிக் கடிங்க, கல்லு மாதிரி திரண்டு வந்து விட்டவுடனே அமுங்குனா அது சதை. காதுமடலுக்குக் கீழயும் முன்னாடியும் கொழகொழன்னு இருந்தா அது சுரப்பி. ரெண்டும் சேந்து இருந்தா இந்தக் கதையா இருக்கலாம், ஆனா உறுதி பண்றது டாக்டர்தான்.

செய்ய வேண்டியது: சுடுதண்ணில துணிய நனைச்சுப் பிழிஞ்சு 10 நிமிஷம் ஒத்தடம், அப்புறம் காதுக்கு முன்னாடி இருந்து வாய் ஓரத்துக்கு விரலால மெதுவா நீவி விடணும். கண்ணாடில கன்னத்து உள்பக்கம் பாத்துக்கிட்டே நீவுனா, கடவாப்பல்லுக்கு நேர சின்ன மேடு ஒண்ணு தெரியும், அதுல இருந்து தெளிஞ்ச எச்சில் சொட்டும், பாக்கவே ஆச்சரியமா இருக்கும். தண்ணி நிறைய குடிங்க, கடலுக்குப் போயிட்டு வெயில்ல காயுறவங்க இதுலதான் கோட்ட விடுறாங்க, எச்சில் கெட்டியாயிரும்.

சதையக் குறைக்காம நீவி மட்டும் பிரயோஜனம் இல்ல. பாக்கு, சூயிங்கம் நிறுத்துங்க, தை மாசம் பனங்கிழங்க ஒரே பக்கமா போட்டு மெல்லாதீங்க. தூக்கத்துல பல்லு நறநறன்னா பல் டாக்டர்ட்ட நைட் கார்டு (ராத்திரி பல்லுல மாட்டிக்கிற உறை) கேளுங்க. அதுக்கும் அடங்கலன்னா சதையத் தளர வைக்கிற போடாக்ஸ் ஊசி போடுறாங்க, வேலை செய்யுறது சில மாசந்தான்.

காய்ச்சல், அந்த மேட்டுல சீழ், வாய் திறக்க முடியாம போறது, வத்தாத கெட்டிக் கட்டி, முகம் ஒரு பக்கமா கோணுறது, இதுல எது இருந்தாலும் ஒத்தடத்த விட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.